வீட்டுக்குள் வௌவால்: தானாகப் போக விடுவதா, டப்பாவில் பிடிப்பதா, துண்டு போடுவதா?

ராத்திரி எட்டரை மணிக்கு ஹாலில் வௌவால் சுற்றினால் கை முதலில் துடைப்பத்துக்குப் போகும். போக வேண்டிய இடம் ஃபேன் சுவிட்ச். அணைத்தால் மட்டும் போதாது, ஃபேன் இறக்கை முழுதாக நிற்கும்வரை யாரும் எதையும் வீசி வௌவாலை விரட்டக் கூடாது. எந்த முறையில் அதை வெளியேற்றினாலும் முதல் வேலை இதுதான்.

அடுத்து, வந்திருப்பது எது என்று பாருங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, கட்டைவிரல் அளவு உடம்புள்ள, பூச்சி தின்னும் சின்ன வௌவால். எடை பத்து கிராமுக்குள் இருக்கும். டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சிக்காக உள்ளே வந்துவிடும். இன்னொன்று, நாய்முகமும் பெரிய கண்ணும் உள்ள குட்டைமூக்குப் பழந்தின்னி. எடை 40–50 கிராம், இறக்கையை விரித்தால் ஒன்றரை அடி. போர்ட்டிகோவில் காலையில் நெட்டிலிங்கக் கொட்டைகளும் மென்று துப்பிய சக்கையும் கிடக்கிறதென்றால் இந்த ஆள்தான் ராத்திரி அங்கே தொங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சின்னது மீயொலி எழுப்பி எதிரொலி கேட்டு வழி பார்க்கும். பழந்தின்னிக்குக் கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி, அதனால் பளீரென்ற விளக்கில் தடுமாறும்.

தானாகப் போக விடுவது

பறந்துகொண்டிருக்கும் வௌவாலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உள் அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு வாசல் கதவையோ பால்கனிக் கதவையோ முழுதாகத் திறக்க வேண்டும். ஜன்னலில் கொசுவலை இருந்தால் கழற்றுங்கள். கிரில் கம்பி இடைவெளியில் சின்னது நுழைந்து போய்விடும். பழந்தின்னியால் பறந்தபடி போக முடியாது, கம்பியைப் பிடித்து ஊர்ந்துதான் வெளியேறும். ஆகவே கதவே மேல். ஹால் விளக்கை அணைத்து, மூலையில் ஒரு சின்ன விளக்கை மட்டும் விடுங்கள். முழு இருட்டாக இருந்தால் அது போய்விட்டதா, பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க விழித்திருக்க நேரும்.

கதவைத் திறந்தும் ஏன் போக மாட்டேன் என்கிறது? வீட்டின் உயரக் கணக்கைப் பார்த்தால் புரியும். கூரை பத்தடி, வாசல் நிலையின் மேல்சட்டம் ஏழடி. பயந்த வௌவால் கூரையை ஒட்டி, அந்த மூன்றடிக்குள்ளேயே சுற்றும். கதவு அதற்குக் கீழே இருக்கிறது. களைத்துத் தாழும்போதுதான் வாசல் அகப்படும். அதற்கு அரைமணி ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். அறையில் ஆள் நின்றுகொண்டிருந்தால் எளிதில் தாழாது. நீங்கள் இருந்தே ஆக வேண்டுமென்றால் சுவரோரம் நில்லுங்கள். அது தாழ்ந்து வருவது பெரும்பாலும் அறையின் நடுவில். தலைமுடியைப் பிடிக்க வருகிறது என்று வீட்டில் அலறுவது இதைப் பார்த்துத்தான்.

இந்த முறை பகலில் செல்லாது. காலை பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து துரத்திவிட்டால், பத்தடி போவதற்குள் காக்கைகள் சூழ்ந்து கொத்திவிடும். பகலில் அதுபாட்டுக்குத் தொங்கட்டும், ஃபேன் போடாமல் அறையைச் சாத்திவையுங்கள். சாயங்காலம் ஆறரைக்குமேல் கதவைத் திறந்தால் போதும். அறையைக் காலி செய்ய முடியாதவர்களுக்குத்தான் டப்பா.

டப்பாவும் காலண்டர் அட்டையும்

சுவரிலோ கதவிலோ அசையாமல் தொங்குவதை இப்படி எடுக்கலாம். சின்னதுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும், பழந்தின்னிக்குப் பத்து லிட்டர் பக்கெட் வேண்டும். சின்ன டப்பாவை அதன்மேல் கவிழ்த்தால் விளிம்பில் இறக்கை நசுங்கும். கையில் தோட்ட வேலைக்கான தடித்த தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனை ரப்பர் உறை இதற்கு உதவாது, பல் ஊடுருவிவிடும்.

டப்பாவைச் சுவரோடு ஒட்டிக் கவிழ்த்து, தினசரிக் காலண்டரின் பின்னட்டையைச் சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே கீழிருந்து மேலாக மெல்லச் செருகுங்கள். திசை முக்கியம். தொங்கும் வௌவாலின் கால் நகங்கள் உடம்பின் எடையாலேயே பூட்டிக்கொள்ளும், தூக்கத்தில்கூட விடாமல் இருப்பது அதனால்தான். கீழே இழுத்தால் பிடி இறுகும். அட்டை கீழிருந்து உடம்பைச் சற்றே தூக்கிக் கொடுத்தால் எடை குறைந்து நகம் தானாகக் கழன்றுவிடும்.

சொரசொரப்பான பூச்சுள்ள சுவரில் அட்டை ஓடாது. சுவரும் கூரையும் சேரும் மூலையில் டப்பா ஒட்டாது. அந்த இடங்களில் முயலவே வேண்டாம், இருட்டும்வரை விடுங்கள். திரைச்சீலையில் தொங்கினால் வேலை இன்னும் சுலபம், கம்பியோடு கழற்றி அப்படியே வெளியே கொண்டுபோகலாம். மார்பில் குட்டி ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் டப்பா வேண்டாம், பதற்றத்தில் குட்டி விழுந்துவிடும்.

பிடித்தது பகலென்றால் டப்பாவில் ஊசித் துளைகள் போட்டு, உள்ளே தொங்க ஒரு பருத்தித் துணி வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டி இருட்டான இடத்தில் வையுங்கள். பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர், பழந்தின்னிக்கு ஒரு துண்டு வாழைப்பழம். இருட்டியதும் தரையில் விடாதீர்கள். பல வௌவால்களுக்குத் தரையிலிருந்து எழும்புவது கடினம், விழுந்து பறப்பெடுக்க உயரம் வேண்டும். ஐந்தடி உயரத்தில் மரத்தோடு டப்பாவைச் சாய்த்துப் பிடித்தால் ஊர்ந்து ஏறிப் போய்விடும்.

துண்டு

தரையில் கிடப்பதற்கு மட்டும்தான் இது. மேலே போட்டு, கையுறையோடு தளர்வாக அள்ளி டப்பாவுக்கு மாற்ற வேண்டும். மெல்லிய பருத்தித் துண்டாக இருக்கட்டும். டர்க்கி டவலின் நூல் வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும், பிய்த்தெடுக்கும்போது அதன் விரல் ஒடியும். பறப்பதன்மேல் துண்டை வீசுவது துடைப்பத்தால் அடிப்பதற்குச் சமம்.

அள்ளிய வௌவால் மரத்தில் வைத்தும் பறக்கவில்லை, இறக்கை கிழிந்திருக்கிறது, அல்லது வந்திருப்பது மூன்று நான்கடி இறக்கையுள்ள பெரிய பழந்தின்னி என்றால் வனத்துறைக்கோ விலங்கு மீட்பாளர்களுக்கோ சொல்லுங்கள். வருவதற்கு நேரமாகும், ஆனால் அந்த வேலை நம் கைக்கு அடங்காது.

கொசு பேட், ஒட்டுப்பொறி, பினாயில், சாம்பிராணிப் புகை ஆகியவற்றை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அடிபட்ட வௌவால் கடிக்க வாய்ப்பு அதிகம், கடிதான் இங்கே உண்மையான ஆபத்து.

கடியோ கீறலோ பட்டால் மேலே சொன்ன எதுவும் முதலில் இல்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வௌவால் கடியை உலக சுகாதார நிறுவனம் ரேபிஸ் அபாயத்தில் மூன்றாம், அதாவது உச்ச வகையில் வைத்திருக்கிறது. இலங்கையில் பெரிய பழந்தின்னி வௌவால்களிடம் ரேபிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டிருக்கிறது. பல் மிகச் சிறியது, கடிவாய் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தூங்கும் குழந்தையின் அறையில் வௌவால் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2018இல் கேரளத்தில் பரவிய நிபா வைரஸ் நினைவுக்கு வரலாம். அதன் இருப்பிடம் பெரிய பழந்தின்னி. ஹாலில் சுற்றும் சின்னதைக் கண்டு அந்தப் பயம் வேண்டாம், ஆனால் எந்த வௌவால் கடித்த பழமானாலும் குப்பைக்குத்தான்.

எச்சத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, முகக்கவசத்தோடு துடைத்தெடுங்கள்.

ஒருமுறை வந்தது வழி தவறி வந்தது. வாரத்துக்கு இரண்டு முறை வந்தால் வீட்டிலேயே குடியிருக்கலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஏசி குழாய் போகும் துளை, ரோலிங் ஷட்டர் பெட்டி, ஓட்டுக் கூரையின் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள், கட்டைவிரல் நுழையும் இடைவெளி சின்னதுக்குப் போதும். அந்தியில் வெளியே நின்று எந்த ஓட்டையிலிருந்து பறக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்து, எல்லாம் வெளியேறிய பிறகு அடையுங்கள். உள்ளே கீச்சுக் குரல் கேட்டால் பறக்காத குட்டிகள் இருக்கின்றன. சில வாரம் பொறுத்து, குரல் நின்றபின் சிமென்ட் குழையுங்கள்.