சர்வீஸ்களை நிறுத்தினால் பழைய கணினி வேகமாகுமா? நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

கணினி மந்தமாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் உடனே கிடைக்கும் யோசனை, 'தேவையில்லாத சர்வீஸ்களை எல்லாம் நிறுத்திப் போடு' என்பதுதான். சர்வீஸ் என்பது திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் புரோகிராம். கூடவே நிறுத்த வேண்டியவற்றின் நீளமான பட்டியலும் வரும். அந்தப் பட்டியல்களில் பல விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. 256 எம்பி ரேமில் கணினி ஓட்டிய நாட்களுக்கு அவை சரி. இன்றைக்கும் பொருந்துமா என்பதை, வீட்டில் எல்லோரும் புழங்கும் மேசைக் கணினியில் ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு வாரத்தில் எழுதியிருந்தால் எல்லாமே வேகமாகிவிட்டது போலத்தான் தோன்றியிருக்கும்.

ஆரம்பித்தபோது கணினியின் நிலை இது: விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். டெஸ்க்டாப் சீக்கிரம் வந்துவிடும். வந்த பிறகுதான் தொல்லையே. பிரவுசரை கிளிக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு சும்மா கிடக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த ஒரு அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து படிக்க ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் பிடிக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு நூறு கோரிக்கைகளுக்குப் பக்கத்தில்தான் அதனால் சமாளிக்க முடியும். பத்துப் புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் படிக்கச் சொன்னால் அதற்கு மூச்சு முட்டிவிடும். ஆக, தேட வேண்டியது டிஸ்க்கைத் தொந்தரவு செய்யும் சர்வீஸ்களை. ரேமில் ஐந்து எம்பி பிடித்துக்கொண்டு ஓரமாகத் தூங்கும் சர்வீஸை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் (சர்வீஸ்களைத் தனக்குள் வைத்து ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்) என்ற பெயர் வரிசையாக வருவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். முன்பெல்லாம் பல சர்வீஸ்கள் ஒரே எஸ்விசிஹோஸ்ட்டுக்குள் கூட்டாக இருந்தன. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1703 முதல், ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவை தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வரி எண்ணிக்கையை வைத்துக் கணினியின் ஆரோக்கியத்தைக் கணிக்க வேண்டாம்.

எதையாவது நிறுத்துவதற்கு முன்னால் அளந்து வைப்பது முக்கியம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலும் சர்வீஸ்களும் இருக்கும் நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும்; அடுத்த முறை ஆன் செய்யும்போது அதிலிருந்து எழுந்து வரும். சர்வீஸ்கள் புதிதாகத் தொடங்குவதே இல்லை. அதனால் ஷட் டவுன் செய்து, ஆன் செய்து, ஸ்டாப் வாட்ச்சில் பார்த்த கணக்கெல்லாம் இந்த விஷயத்தில் செல்லாது. ரீஸ்டார்ட் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டாப் வாட்ச்சை விட நல்ல கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், 'டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்' என்று இறங்கிப் போனால் 100 என்ற எண்ணில் ஒவ்வொரு பூட்டுக்கும், அதாவது கணினி தொடங்கும் ஒவ்வொரு முறைக்கும், ஒரு பதிவு கிடைக்கும். அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் 'பூட் போஸ்ட் பூட் டைம்' என்று மில்லிசெகண்டில் ஒரு எண் இருக்கும். டெஸ்க்டாப் வந்த பிறகு கணினி அமைதியாகும்வரை ஆன நேரம் அது. எங்கள் கணினியில் அந்த எண்தான் பூதாகரமாக இருந்தது. தாமதப்படுத்திய புரோகிராம் 101 என்ற எண்ணிலும், சர்வீஸ் 103 என்ற எண்ணிலும் பெயரோடு பதிவாகியிருக்கும். யாரோ போட்ட பட்டியலை விட நம் கணினியே கொடுக்கும் இந்தப் பட்டியல் எவ்வளவோ மேல்.

அதில் வந்த பெயர்களில் விண்டோஸின் சொந்த சர்வீஸ்கள் கொஞ்சம்தான். விண்டோஸுடன் வரும் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, சர்வீசஸ் பகுதியில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்பதை டிக் செய்தால் மிச்சம் இருப்பவை வெளியாட்கள். பிரிண்டருடன் வந்த உதவி மென்பொருள், எப்போதோ விற்றுவிட்ட போனுக்கான இணைப்பு மென்பொருள், நீக்கியும் லைசன்ஸ் பார்க்கும் சர்வீஸை மட்டும் விட்டுச் சென்ற ஒரு டிரையல் புரோகிராம், ஒவ்வொரு செயலிக்கும் ஒரு அப்டேட்டர். கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் ஒரு கிளீனர் மென்பொருளும் தன் பங்குக்கு ஒரு சர்வீஸை ஓட்டிக்கொண்டிருந்தது! இவற்றை டிசேபிள் செய்வதை விட, தேவையில்லாத மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்வதே சரி. நிறுத்தி வைத்தால் அடுத்த அப்டேட்டில் மறுபடி எழுந்துவிடும். பிரவுசரின் அப்டேட்டரை மட்டும் தொடவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன.

இந்தச் சுத்தத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் வந்தது, இன்றுவரை நிலைத்தும் இருக்கிறது. இதற்குப் பிறகு செய்ததெல்லாம் சில்லறை லாபம்.

சில்லறையிலும் சொல்ல வேண்டியவை உண்டு. சர்வீசஸ் சாளரத்தைத் திறக்க விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, சர்வீசஸ் டாட் எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். பலரும் முதலில் குறிவைப்பது 'சிஸ்மெயின்' என்ற சர்வீஸை. விஸ்டாவில் 'சூப்பர்ஃபெட்ச்' என்று வந்ததுதான் இது. அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும். ஹார்ட் டிஸ்க்கில் அதை நிறுத்தியபோது பூட் ஆனதும் வரும் டிஸ்க் இரைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் வேர்டு முதல் தடவை திறக்க முன்பை விட நேரம் எடுத்தது. விண்டோஸ் 10இல் மெமரி கம்ப்ரஷனும் (ரேமில் உள்ளதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் வசதி) இந்தச் சர்வீஸை நம்பித்தான் இருக்கிறது. 4 ஜிபி ரேம்காரர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. நானும் திரும்ப ஓடவிட்டுவிட்டேன்.

'விண்டோஸ் சர்ச்' சர்வீஸை நிறுத்தச் சொல்லும் யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. தேடல் வசதியே வேண்டாம் என்கிறவர்கள் செய்யலாம். மற்றவர்களுக்கு, தேடலுக்காக எந்த ஃபோல்டர்களைப் பட்டியலிட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' இருக்கிறது. ஆயிரக்கணக்கான புகைப்படங்கள் கிடக்கும் ஃபோல்டரை அங்கே விலக்கிவிட்டேன்; டிஸ்க்கின் அலைச்சல் குறைந்தது, ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கோப்புகளும் உடனே வருகின்றன.

பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' கதை வேறு. பிரிண்டர் இல்லாத வீட்டில் இது எதற்கு என்று தோன்றும். 2021இல் 'பிரிண்ட் நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை இந்தச் சர்வீஸில்தான் வெளிப்பட்டது. அப்போது இதை நிறுத்தி வைக்கும் வழியை மைக்ரோசாஃப்ட்டே சொன்னது. அதனால் பாதுகாப்புக்காக நிறுத்துவது நியாயமானது, வேகத்துக்காக என்றால் அர்த்தமில்லை. ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஸ்பூலர் நின்றால் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வேலை செய்யாது. படிவத்தைப் பிடிஎஃப் ஆக்க நினைப்பவர் பிரிண்டர் பட்டியலே வராமல் விழித்துக்கொண்டு நிற்பார்.

ஃபேக்ஸ், எக்ஸ்பாக்ஸ் சர்வீஸ்கள் எல்லாப் பட்டியலிலும் தவறாமல் இருக்கும். அவை ஏற்கெனவே 'மேனுவல்' நிலையில்தான் இருக்கின்றன. யாரும் கூப்பிடாமல் ஓடாதவற்றை நிறுத்துவதில் லாபம் ஏது?

மேனுவல் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தேவைப்படும்போது விண்டோஸோ வேறொரு புரோகிராமோ எழுப்பிக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். 'டிசேபிள்டு' என்றால் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காது. சந்தேகம் இருக்கும் எதையும் மேனுவலோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். 'ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்' என்ற இன்னொரு நிலையும் உண்டு. பூட் நெரிசல் முடிந்த பிறகு மெதுவாகத் தொடங்கும். தேவைதான், ஆனால் அவசரமில்லை என்ற வகை வெளியாள் சர்வீஸ்களுக்கு அது மிகவும் பொருத்தம். பேக்கப் மென்பொருளின் சர்வீஸை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கை வைக்கவே கூடாதவை: 'கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ்', 'வால்யூம் ஷேடோ காப்பி', 'விண்டோஸ் இன்ஸ்டாலர்', ஆன்டிவைரஸ் சம்பந்தப்பட்ட எதுவும். வைஃபையில் இணையம் வருகிற வீடுகளில் 'டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக்'கும் சேர்த்தி. அதை நிறுத்திவிட்டால் சரிசெய்யும் வழியைத் தேடக்கூட அந்தக் கணினியில் இணையம் இருக்காது. எதைத் தொடுவதானாலும் அதன் பிராப்பர்ட்டீஸில் 'டிபெண்டன்சீஸ்' பக்கத்தை ஒருமுறை பாருங்கள். அதை நம்பி வேறு எவை இருக்கின்றன என்று அங்கே தெரியும்.

பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வாங்கிப் போட்டேன், ரேமையும் 8 ஜிபி ஆக்கினேன். சர்வீஸ்களோடு மல்லுக்கட்டிக் கிடைத்ததெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை. டிஸ்க் 100 சதவீதம் என்ற காட்சியே மறைந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் நூறு என்று தடுமாறிய இடத்தில், சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் கோரிக்கைகளைக் கையாளும். செலவு செய்ய முடிகிறவர்கள் நேராக அதற்கே போகலாம்.

எஸ்எஸ்டி வந்த பிறகும் வெளியாட்களைத் திரும்ப உள்ளே விடவில்லை. ரேமும் மிச்சம், சும்மா இருக்கும்போது ஃபேன் சத்தமும் குறைவு. நான் மாற்றிய சர்வீஸ்களின் பெயர், முன்பிருந்த நிலை, மாற்றிய தேதி ஆகிய மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறேன். பெரிய அப்டேட் வந்ததும் அதை எடுத்துச் சரிபார்ப்பேன். சில சர்வீஸ்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். பெயரின் கடைசியில் அடிக்கோடு போட்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு வால் ஒட்டியிருப்பவை, உள்ளே நுழைந்த பயனருக்காகவே தொடங்கும் சர்வீஸ்கள். அந்த வால் ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் மாறும் என்பதால் குறிப்பில் அடிக்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எழுதினால் போதும்.