கிளட்ச்சை யார் மிதிப்பது? சிறிய நகரக் காரில் ஏஎம்டியும் அதன் போட்டியாளர்களும்

ஒரு லிட்டர் அளவு என்ஜின் கொண்ட சிறிய நகரக் காரைக் கிளட்ச் பெடல் இல்லாமல் வாங்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் முன் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன: மேனுவல் கியர்பாக்ஸின் மேலேயே தானியங்கி இயக்கத்தைப் பொருத்திய ஏஎம்டி, உலோகப் பெல்ட்டும் கப்பிகளும் கொண்ட சிவிடி, எண்ணெயின் சுழற்சி வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். விற்பனைக் கூடத்தில் மூன்றையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். வாங்குபவரும் மூன்றும் ஒரே மாதிரி ஓடும் என்று எதிர்பார்த்துவிடுகிறார். ஏஎம்டியை முதலில் ஒப்பிட வேண்டியது மற்ற இரண்டு ஆட்டோமேட்டிக்குகளோடு அல்ல, அது எந்தக் கியர்பாக்ஸிலிருந்து உருவானதோ அந்த மேனுவலோடு என்பதே என் கருத்து.

ஏனென்றால் ஏஎம்டியின் உள்ளே இருப்பது மேனுவலேதான். அதே பல்சக்கரங்கள், கியர்கள் உரசாமல் சேர உதவும் அதே சிங்க்ரோனைசர்கள், எண்ணெயில் மூழ்காத அதே ஒற்றை உலர் கிளட்ச். கிளட்ச்சை மிதிக்கும் காலும் கியரைத் தள்ளும் கையும் மட்டும் மாறி, அந்த இடத்தில் மின்சாரத்தாலோ எண்ணெய் அழுத்தத்தாலோ இயங்கும் ஆக்சுவேட்டர்கள் அமர்ந்திருக்கின்றன. எப்போது மாற்றுவது என்பதை ஒரு கட்டுப்பாட்டுக் கணினி தீர்மானிக்கிறது. இதனால் கூடும் எடை சில கிலோதான், கூடும் செலவும் முழு ஆட்டோமேட்டிக்கைவிட வெகு குறைவு. சிறிய காரில் இடமும் எடையும் விலையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் நிலையில், இந்தக் கணக்கு தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. 1999இல் வந்த ஃபோக்ஸ்வேகன் லூப்போ 3எல், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் டீசல் என்ற இலக்கை எட்டுவதற்கு இந்த வகைக் கியர்பாக்ஸையே நம்பியது. அதன் சிக்கன நிலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கிளட்ச் தானாகவே விலகி, கார் மிதந்து செல்லும். மனித ஓட்டுநர் ஒருவர் நாள் முழுதும் சலிக்காமல் செய்ய முடியாத வேலை அது.

மைலேஜ் பற்றிப் பேசும்போது மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 2014இல் மாருதி சுசுகி செலேரியோ வந்தபோது மேனுவலுக்கும் ஏஎம்டிக்கும் ஒரே எண்ணையே அறிவித்தார்கள்: லிட்டருக்கு 23.1 கிலோமீட்டர். 2021இல் வந்த அடுத்த தலைமுறையில் ஏஎம்டி மேனுவலைத் தாண்டியது. விஎக்ஸ்ஐ ரகத்தில் மேனுவலுக்கு 25.24, ஏஎம்டிக்கு 26.68. ஆனால் 2015இன் டாடா நானோவில் கதை நேர்மாறு: மேனுவலுக்கு 23.6, ஏஎம்டிக்கு 21.9. ஒரே தொழில்நுட்பம் ஒரு காரில் முந்துவதும் இன்னொன்றில் பின்தங்குவதும் ஏன் என்றால், கியர்பாக்ஸின் இயந்திரப் பகுதி மட்டும் காரணமல்ல (நானோவில் மேனுவலுக்கு நான்கு கியர், ஏஎம்டிக்கு ஐந்து). கணினியில் எழுதப்பட்டிருக்கும் கியர் மாற்றும் முறையும் முக்கியக் காரணம். ஆய்வகச் சோதனையில் மேனுவல் காரை எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். ஏஎம்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது தன் கணக்கின்படி முன்னதாகவே மேல் கியருக்குப் போய்விடலாம். ஆகவே, காகிதத்தில் தெரியும் ஓரிரு கிலோமீட்டர் முன்னிலையைச் சாலையில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. மேனுவலுக்கு இணையான மைலேஜ், கால்வலி இல்லாமல் கிடைக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்வதே நியாயமான கணக்கு.

விலை கொடுக்க வேண்டிய இடம் சொகுசு. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும் அந்த ஒரு கணத்தைக் கவனியுங்கள். என்ஜினின் இழுவிசை குறைகிறது, கிளட்ச் விலகுகிறது, கியர் மாறுகிறது, கிளட்ச் மீண்டும் சேர்கிறது. இந்த நான்கும் முடியும்வரை சக்கரங்களுக்கு விசை போவதில்லை. மேனுவலிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் அங்கே எப்போது மாறப் போகிறது என்பது ஓட்டுகிறவருக்கு முன்பே தெரியும் என்பதால் உடம்பு தயாராகிவிடுகிறது. ஏஎம்டியில் அது கேட்காமல் வருவதால் தலை முன்னே போய்ப் பின்னே வருகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தமாக மிதித்துக்கொண்டே இருப்பவருக்கு இந்தத் தள்ளல் அதிகம்; மாறப் போகும் வேகத்தை ஊகித்துக் காலை இம்மியளவு தளர்த்துபவருக்குப் பெரும்பாலும் மறைந்துவிடும். கிளட்ச் இல்லாத காரை வாங்கிய பிறகும் கியர் மாற்றத்தை மனத்தில் வைத்து ஓட்ட வேண்டுமா என்று கேட்டால், ஆம், ஓரளவு வேண்டும். அது பிடிக்காதவர் இங்கேயே சிவிடி பக்கம் திரும்பிவிடுவது நல்லது.

சிவிடியில் இந்தப் பிரச்சினையே எழுவதில்லை. கப்பிகளின் விட்டம் இடைவெளியின்றி மாறிக்கொண்டே போவதால் கியர் மாற்றம் என்ற நிகழ்வே அங்கு இல்லை. சிறிய காருக்கும் சிவிடிக்கும் உறவு புதிதல்ல. 1958இல் வெளியான டச்சுக் காரான டாஃப் 600, ரப்பர் பெல்ட்டில் இதைச் செய்துகாட்டியது. 2009இல் ஜாட்கோ நிறுவனம் சிறிய கார்களுக்காகக் கொண்டுவந்த சிவிடி7, பெல்ட்டுடன் இரண்டு வேகத் துணைக் கியர் ஒன்றையும் சேர்த்து, கப்பிகளைச் சிறிதாக்கியபடியே கியர் விகிதங்களின் வீச்சைக் கூட்டியது. ஊர்ந்து செல்லும் நெரிசலில் இதன் வழவழப்புக்கு ஏஎம்டி ஈடாகாது. குறை என்னவென்றால், வேகமாக முந்த வேண்டிய இடத்தில் என்ஜின் இரைச்சல் முதலில் ஏறும், கார் பிறகுதான் வரும். சிறிய மூன்று சிலிண்டர் என்ஜினில் அந்த இரைச்சல் இன்னும் துருத்திக்கொண்டு கேட்கும். பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்க எண்ணெய் அழுத்தம் தொடர்ந்து தேவைப்படுவதால், என்ஜின் விசையில் ஒரு பங்கு அதற்கே போகிறது. என்ஜினை எப்போதும் சிக்கனமான சுழற்சியில் வைத்திருக்க முடிவதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை அது மீட்டும் விடுகிறது.

டார்க் கன்வர்ட்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய கார்களில் இன்றும் மிகச் சிறந்த தேர்வு அது. இந்த அளவுக் கார்களில் நீண்டகாலம் கிடைத்ததோ நான்கு வேகப் பழைய வகை. எண்ணெயில் வழுக்கும்போது வீணாகும் ஆற்றல், நான்கே கியர்கள், கூடுதல் எடை மூன்றும் சேர்ந்து சிறிய என்ஜினைத் திணறவைத்தன. ஹூண்டாய் தன் ஐ10 வரிசையில் நான்கு வேக டார்க் கன்வர்ட்டரைக் கைவிட்டு ஐந்து வேக ஏஎம்டிக்கு மாறியதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம். ஆனாலும் நீடித்த உழைப்பிலும் மேட்டில் தடுமாறாத பலத்திலும் பழைய நான்கு வேகப் பெட்டியை ஏஎம்டி இன்னும் மிஞ்சிவிடவில்லை.

மேட்டைப் பற்றிச் சொல்லும்போதுதான் ஏஎம்டியின் உண்மையான பலவீனம் வெளிப்படுகிறது. ஏற்றத்தில் நெரிசல்; முன்னே நிற்கும் வண்டி அரையடி நகர்கிறது, நீங்களும் நகர்கிறீர்கள். பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே காரை மேட்டில் பிடித்து நிறுத்தினால், உள்ளே கணினி ‘ஹாஃப் கிளட்ச்’ போட்டு, அதாவது கிளட்ச்சைப் பாதி மட்டும் சேர்த்து வழுக்கவிட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். டார்க் கன்வர்ட்டரில் இந்த வழுக்கல் எண்ணெயில் நடக்கும். எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டு குளிர்விப்பானில் இறக்கிவிடும். உலர் கிளட்ச்சில் அது உராய்வுத் தகட்டிலேயே நடக்கிறது. சில நிமிடங்களில் தகடு கொதித்து, கருகிய வாடை வரும். பல கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியும். பிரேக்கையோ ஹேண்ட்பிரேக்கையோ பயன்படுத்தி நின்று, முன்னே போதிய இடம் கிடைத்த பிறகு ஒரே மூச்சாக நகர்வதே சரியான முறை. இந்தப் பழக்கம் வராதவர் கையில் ஏஎம்டியின் கிளட்ச் சீக்கிரம் தேயும். நல்ல ஓட்டுநர் மேனுவலில் செய்வதைவிட மோசமாகவும் தேயும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேனுவலில் கால் வலியே ஓர் எச்சரிக்கை. இங்கே வலிப்பதற்குக் காலே இல்லை.

பழுது பார்ப்பதிலும் இதே இரட்டைத் தன்மை உண்டு. பல்சக்கரப் பகுதியை மேனுவல் தெரிந்த எந்த மெக்கானிக்கும் பிரித்துச் சேர்க்கலாம். கிளட்ச் தகட்டை மாற்றிய பிறகோ, அது எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கான ஸ்கேனர் இல்லாத பட்டறையில் வேலை பாதியிலேயே நிற்கும். ஆக்சுவேட்டர் போனால் செலவு கிளட்ச்சைவிடக் கூடுதலாகலாம். சிவிடியில் பெரிய பழுது வந்தாலோ, பெரும்பாலும் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றிவந்தால் அந்த நிலை எளிதில் வராது என்பது சிவிடிக்குச் சாதகமான வாதம்.

தயாரிப்பாளர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. 1998இல் ஒற்றைக் கிளட்ச் ஏஎம்டியோடு தொடங்கிய ‘ஸ்மார்ட்’ என்ற ஐரோப்பியச் சிறிய கார், அதன் தயக்கத்துக்காகவே பல ஆண்டுகள் வசை வாங்கி, 2014இல் வந்த மூன்றாம் தலைமுறையில், இரண்டு கிளட்ச்சுகள் மாறி மாறி வேலை செய்யும் இரட்டைக் கிளட்ச்சுக்கு மாறியது. டொயோட்டா அய்கோ ஏஎம்டியில் ஓடியது. அதன் இடத்துக்கு வந்த அய்கோ எக்ஸ் அறிமுகமானபோது ஏஎம்டிக்குப் பதிலாக சிவிடி கிடைத்தது. ஜப்பானிய ஆல்ட்டோவில் ஒரு காலத்தில் மேனுவல், ஏஎம்டி, சிவிடி மூன்றும் கிடைத்தன. 2021இல் வந்த தலைமுறையில் சிவிடி மட்டும். ஆனால் அதே சுசுகி, இந்தியச் சிறிய கார்களில் ஏஎம்டியையே வளர்த்தெடுக்கிறது. பணம் ஓரளவு தாராளமாகச் செல்லும் சந்தையில் ஏஎம்டி தோற்கிறது, ஒவ்வொரு ரூபாயும் எண்ணப்படும் சந்தையில் வெல்கிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

பெரும்பாலும் சமதளத்தில், பெரும்பாலும் தனியாக ஓட்டுபவராகவும், மேனுவலில் ஓரளவு பழகியவராகவும் இருந்தால் ஏஎம்டியைத் தயங்காமல் எடுக்கலாம். வயதான பெற்றோரை அடிக்கடி அழைத்துச் செல்பவரும், புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவரும், முடிந்தால் சிவிடிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். சரிவான பாதையில் இறங்கி ஏறும் தரையடி நிறுத்துமிடம் தினமும் வாய்த்தவருக்கு என் பரிந்துரை டார்க் கன்வர்ட்டர் அல்லது சிவிடி, ஏஎம்டி அல்ல.

சோதனை ஓட்டத்துக்குப் போகும்போது நேர் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சரிவான ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, ரிவர்ஸ் கியரில் மேட்டை நோக்கி, ஒரு கார் நிறுத்துமிடத்துக்குள் நுழைவதுபோல் அங்குலம் அங்குலமாக ஏற்றிப் பாருங்கள். பிரேக்கை விட்டதும் கார் சற்றுப் பிடித்து நிற்கிறதா, உடனே முன்னுக்கு உருள்கிறதா, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் மெல்ல நகர்கிறதா, திடுமெனப் பாய்கிறதா என்று கவனியுங்கள். ஏஎம்டியில் பார்க் நிலை இருக்காது என்பதால், கியரில் விட்டு ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தும் முறையையும் அங்கேயே கேட்டு, ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள்.