கேமரா வகுப்பா, தோழிகள் குழுவா?

அறுபதைத் தாண்டிய அம்மா வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறார். புகைப்பட வகுப்பில் சேர்த்துவிடலாமா, நாலு பேரோடு கூடிப் பேசும் குழுவிலா? அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களிடம் இதைச் சோதித்தே பார்த்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது.

வாரம் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். ஒரு குழு விளையாட்டு, வெளியூர்ப் பயணம், சேர்ந்து சாப்பாடு என்று கழித்தது. நல்ல பொழுதுதான், ஆனால் நினைவாற்றல் பெரிதாகக் கூடவில்லை. டிஜிட்டல் கேமராவும், படங்களைத் திருத்தும் ஃபோட்டோஷாப் மென்பொருளும் புதிதாகக் கற்றவர்களுக்கோ அது தெளிவாகவே கூடியது. காரணம் புரிகிறது. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, அகலத் திறந்தால் பின்னணி மங்கும். ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டரின் வேகத்தைக் குறைத்தால் ஓடுகிற பேரன் கலங்கித் தெரிவான். இரண்டையும் ஒருசேர யோசிக்க வேண்டும், மூளைக்குச் சரியான வேலை.

தனிமை மட்டுமே குறை என்றால் குழுவே போதும். மற்றபடி நான் கேமரா பக்கம்தான். வகுப்பிலும் தோழிகள் கிடைப்பார்களே! ஜப்பானின் கிமிகோ நிஷிமோட்டோ கேமரா பிடித்ததே 72 வயதில்தான். தன்னையே குறும்பாகப் படமெடுத்து உலகப் புகழ் பெற்றார்.

கை நடுங்கினால் எடை குறைந்த கேமராவும் அதைத் தாங்க ஒரு முக்காலியும் (ட்ரைபாட்) வாங்கிக் கொடுங்கள். அப்புறம், சொல்லிக் கொடுப்பவர் பொறுமைசாலியா என்று முதலில் பாருங்கள்.