பிம்: தனிப் பாடமா, எஸ்டிமேஷனோடு சேர்ந்த பாடமா?

சிவில் துறையில் கட்டடத் தகவல் மாதிரியாக்கத்தை, அதாவது கட்டடத்தை அதன் விவரங்களோடு கணினியில் முப்பரிமாண மாடலாக உருவாக்கும் பிம்மை, சொல்லித்தர மூன்று வழிகள் உண்டு: கடைசி ஆண்டுகளில் தனி விருப்பப் பாடம், ஏற்கெனவே உள்ள பாடங்களுக்குள் பிரித்து வைப்பது, இறுதியாண்டு புராஜெக்டில் குழுவாகச் செய்யவிடுவது.

தனிப் பாடம் நடத்தச் சுலபம். ஒரு ஆசிரியர், ஒரு லேப், ரெவிட் என்ற பிம் மென்பொருளுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் தரும் இலவசக் கல்வி உரிமம் போதும். ஆனால் செமஸ்டர் முழுக்க மென்பொருள் கட்டளைகளிலேயே கரைந்துவிடுகிறது. வீடு முப்பரிமாணத்தில் அழகாகத் தெரிந்தால் மதிப்பெண் விழும். அந்தச் சுவர் எந்த மட்டத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. எந்த வழியில் போனாலும் முதல் வாரமே மென்பொருள் பதிப்பை முடிவு செய்துவிடுங்கள். 2025இல் சேமித்த ரெவிட் கோப்பு 2024இல் திறக்காது. பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமிக்கவும் வழியில்லை.

பாடங்களுக்குள் பிரிப்பதே எங்கள் தேர்வு. அதிலும் முதலில் எஸ்டிமேஷன், அதாவது வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடும் பாடம், ஏனென்றால் மாடலில் உள்ள பிழை அங்கேதான் எண்ணாக வெளியே வரும். 300 × 450 மி.மீ. பீம், 4 மீ. நீளம்: கான்கிரீட் 0.54 கன மீட்டர். பீமின் உயரத்தில் மேல் 150 மி.மீ. ஸ்லாப்பின் தடிமனுக்குள் வருகிறது. இரண்டையும் மாடலில் இணைக்காமல் விட்டால் 0.18 கன மீட்டர் இருமுறை கணக்காகும், பீமில் மூன்றில் ஒரு பங்கு!

பூச்சு வேலையில் சிக்கல் வேறு மாதிரி. 1 × 2.1 மீ. கதவின் பரப்பு 2.1 ச.மீ. இது 0.5 ச.மீ.க்கு மேல், 3 ச.மீ.க்குள். ஆகவே இருபுறமும் ஒரே பூச்சாக இருந்தால், கட்டட வேலை அளவீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200 பகுதி 12இன்படி ஒரு முகத்தில் மட்டும் கழிக்க வேண்டும். ஜாம் பூச்சை, அதாவது திறப்பின் பக்கவாட்டுப் பூச்சை, தனியாகச் சேர்ப்பதில்லை. மாடலிலிருந்து ரெவிட் எடுக்கும் அளவு அட்டவணை தருவதோ திறப்பு நீங்கிய சுவர்ப் பரப்பு. அதை இரண்டால் பெருக்கினால் இரு முகத்திலும் கழிந்துவிடும். 20 கதவுள்ள கட்டடத்தில் 42 ச.மீ. பூச்சு காணாமல் போகும். மாடலில் தவறே இல்லை. அளவீட்டு விதி அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். மாணவர் கற்க வேண்டியது இதைத்தான்.

டிசைன் பாடத்தில் ஓர் எச்சரிக்கை: ரெவிட் 2023 முதல் பகுப்பாய்வு மாதிரி (கட்டமைப்பின் வலிமையைக் கணக்கிடப் பயன்படும் எளிய மாடல்) தானாக உருவாவதில்லை. பழைய லேப் கையேட்டை அப்படியே கொடுத்தால் மாணவர் பாதியில் நிற்பார்.

இந்த வழிக்கும் விலை உண்டு. பல ஆசிரியர்கள் ஒத்துப்போக வேண்டும். மூன்றாம் செமஸ்டரில் கோணலாக வரைந்த மாடல் ஆறாம் செமஸ்டர்வரை துரத்தும். அதனால் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட ஒரு சிறு வீட்டின் சரிபார்த்த மாடலைத் துறையே வைத்திருந்து, ஒவ்வொரு பாடமும் அதிலிருந்தே தொடங்கட்டும்.

புராஜெக்ட் வழி, பாடங்களில் அடிப்படை கற்ற பிறகுதான் பலன் தரும். இல்லையேல் ஒருவர் வரைய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். குழு முழுவதுக்கும் பொதுவான மையக் கோப்பை நேரடியாகத் திறந்து வேலை செய்யாமல், ஆளுக்கொரு உள்ளூர் நகலில் வேலை செய்து ஒத்திசைக்கப் பழக்குங்கள்.

இடம் ஒரே பாடத்தில்தான் என்றால் எஸ்டிமேஷனில் வையுங்கள். கையால் எடுத்த அளவும் மாடல் தந்த அளவும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரட்டும்; வித்தியாசத்துக்கு வரிக்கு வரி காரணம் எழுதச் சொல்லி, பாதி மதிப்பெண்ணை அதற்கே கொடுங்கள்.