மேஸ்திரியின் கையா, சைட் டைரியா?

கட்டுமான கம்பெனியில் வேலையறிவைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. அனுபவசாலியோடு புதியவரைச் சேர்த்துவிடுவது ஒன்று. சைட் டைரியில் எழுதி வைப்பது இன்னொன்று.

முதல் வழியின் பலத்தை மழைக்கு மறுநாள் சைட்டில் பார்க்கலாம். மேஸ்திரி ஒரு பிடி மணலை இறுக்கிப் பிடித்துக் கையை விரிப்பார். உருண்டை உடையாமல் நின்றால் ஈரம் இருக்கிறது. ஈர மணல் உப்பி நிற்கும். கன அளவு 20 முதல் 30 சதவீதம் வரைகூட ஏறிவிடும். பெட்டியால் அளந்தால் உள்ளே போகும் மணல் குறைவு. அதனால் கொஞ்சம் கூடுதலாகப் போடச் சொல்லி, தண்ணீரைக் குறைப்பார். இது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். ஆனால் அவர் வேலையை விட்டால், அதுவும் அவரோடு போச்சு.

டைரி ஆள் மாறினாலும் நிற்கும். ஸ்லாபின் தாங்கு இடைவெளி (இரு தாங்கல்களுக்கு நடுவிலுள்ள தூரம்) 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் அடியில் தாங்கும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கான்கிரீட் போட்ட தேதியே குறிக்கப்படவில்லை என்றால் யார் எண்ணுவது?

ஒன்றிரண்டு வீடு கட்டும் கம்பெனிக்கு முதல் வழியே போதும் என்பேன். நாலைந்து சைட் ஆகிவிட்டால் முடியாது: ஓரிடத்தில் இடித்துக் கட்டிய தவறை அடுத்த இடமும் செய்யும், லாபம் அங்கேதான் கரையும். சரி, மேஸ்திரியை எழுதச் சொல்ல வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல இளம் இன்ஜினியர் மாலையில் பத்து நிமிடம் குறிக்கட்டும். கீழே மேஸ்திரியின் பெயரும் இருக்கட்டும்.