ஹார்டு ஸ்ப்ளிண்ட், மூன்று வருடம்: தாடை வலி போச்சு, வெள்ளைக் காறை போகலை

“வெந்நீர்ல போட்டுக் கடிச்சா போதும்னு ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு விக்கிறான். லேப்ல செஞ்ச கார்டுக்கு எதுக்குப்பா இத்தனை ஆயிரம்?” என்று நண்பர் கேட்டார். தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்கள் இரவில் மாட்டும் நைட் கார்டைத்தான் சொல்கிறார், அதையே ஸ்ப்ளிண்ட் என்றும் சொல்வார்கள். கேட்ட நேரம் சரியில்லை. முன்பல்லின் கேப்பை (பல்லுக்கு மேல் மாட்டும் உறையை) மாற்றி, அதற்கேற்ப ஸ்ப்ளிண்ட்டின் உள்பக்கத்தை ரீலைன் செய்து, அதாவது புதிதாக நிரப்பி மறுபடி பொருந்தவைத்து, வாங்கிய வாரம் அது. ஆகவே பாராட்ட வேண்டிய ஒரு பொருளைக் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பாராட்டப் போகிறேன்.

இங்கே பேசுவது மேல்தாடைப் பற்கள் அனைத்தையும் மூடும், சூட்டில் இறுக்கிய கெட்டி அக்ரிலிக் பிளாஸ்டிக். மிஷிகன் ஸ்ப்ளிண்ட் என்பார்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்தில் உருவானதால் அந்தப் பெயர். கடைவாயில் சுமார் 2 மி.மீ. கனம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்: வேலை செய்கிறது. எழுந்ததும் பொட்டில் குத்தும் வலி, கன்னத்தசை கல்லாக இறுகியிருப்பது, கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் பிடிப்பது, மூன்றும் ஆறு வாரத்துக்குள் அடங்கிவிட்டன. அடங்காதது வாய் திறக்கும்போது வரும் ‘டக்’. அதுவும் போய்விடும் என்று சொல்லி யாராவது விற்றால் நம்ப வேண்டாம். மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் தட்டு முன்பக்கம் நழுவிக் கிடக்கும். வாய் திறக்கையில் தாடையின் முனை அதன்மேல் ஏறி உட்காரும் சத்தம்தான் அது. வலி இல்லாத ‘டக்’குக்கு வைத்தியமே தேவையில்லை. பயப்பட வேண்டியது அந்தச் சத்தம் திடீரென்று நின்றுபோய், வாயும் இரண்டு விரலுக்குமேல் திறக்காவிட்டால்தான். தட்டு நழுவிய இடத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். சத்தம் போயிற்றே என்று சந்தோஷப்படாமல் சீக்கிரம் போய்க் காட்ட வேண்டும். மூன்று விரலை நெட்டுக்குத்தாக நுழைக்க முடிந்தால், அதாவது ஏறக்குறைய 40 மி.மீ. திறந்தால், கவலை இல்லை.

இனி நண்பரின் கேள்வி. தாடை மூடுவது கதவு மூடுவது மாதிரிதான், கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது. கீலுக்குப் பக்கத்தில் 2 மி.மீ. எதையாவது சொருகினால் கதவின் விளிம்பில் இடைவெளி அதைப்போல இரண்டு மூன்று மடங்கு விழும். எல்லா இடத்திலும் ஒரே கனமுள்ள ஷீட்டைப் பல்லில் மாட்டினால் கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் முதலில் முட்டும், முன்பக்கம் அந்தரத்தில் நிற்கும். வெந்நீர் கார்டைக் கடித்துப் பதித்தாலும் முழுக்கச் சரியாகாது. பிளாஸ்டிக் இளகியிருக்கும் சில நொடிகளில் தாடை எங்கே போகிறதோ அங்கேதான் அச்சு விழும். போதாததற்கு அது ரப்பர்போல் மெத்தென்று இருக்கும். சிலருக்கு அதுவே மென்றுகொண்டே இருக்கத் தூண்டும். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஓகேசன் என்ற பல் மருத்துவர் 1987-இல் 10 பேரின் தாடைத்தசை இரவில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார். கெட்டி ஸ்ப்ளிண்ட்டில் 8 பேருக்குக் குறைந்தது. மெத்தென்றதில் 5 பேருக்குக் கூடியது, ஒருவருக்குத்தான் குறைந்தது. 10 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அதற்காக அதைத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

முன்பற்களை மட்டும் மூடும் குட்டி கார்டும் விற்கிறார்கள். அதை மாதக்கணக்கில் மேற்பார்வை இல்லாமல் போட்டால், முட்ட எதுவும் இல்லாத கடைவாய்ப் பற்கள் மெதுவாக வளர்ந்து எழும்பும். பிறகு கார்டைக் கழற்றினாலும் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது.

லேப் ஸ்ப்ளிண்ட்டுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அக்ரிலிக்குக்குப் போவதில்லை, கடிக்கேற்ப அதைச் சீராக்கும் தேய்ப்புக்குப் போகிறது. பல் முட்டும் இடத்தில் மை ஒட்டும் 40 மைக்ரான் நீலப் பேப்பரை வைத்து “தட்டுங்க, தட்டுங்க” என்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு புள்ளி விழ வேண்டும், அழுத்தம் ஒன்றுபோல் இருக்க வேண்டும், முன்பற்களின் புள்ளி கொஞ்சம் லேசாக இருக்கலாம். பிறகு சிவப்புப் பேப்பர். பக்கவாட்டில் அரைத்துக் காட்டும்போது சிங்கப்பல் (கோரைப்பல்) இருக்கும் சரிவில் மட்டும் கோடு விழ வேண்டும், கடைவாய் உடனே விலகிவிட வேண்டும். கடைசியாக 8 மைக்ரான் தகட்டை ஒவ்வொரு பல்லுக்கும் ஸ்ப்ளிண்ட்டுக்கும் நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். இதெல்லாம் படுத்த நாற்காலியில் நடந்தால் பாதி வேலைதான். நிமிர்ந்து உட்கார்ந்ததும் தாடை சற்று முன்னால் வரும், புள்ளிகள் இடம் மாறும். கடைசிச் சுற்றை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று நான்கு வாரம் கழித்து மறுமுறை போவதும் இதற்காகத்தான். தசை தளரத் தளரத் தாடை வேறு இடத்தில் உட்காரும். முதல் நாள் தேய்த்த தேய்ப்பு மூன்றாம் வாரத்துக்குப் பொருந்தாது.

காலையில் கழற்றியதும் சில நிமிடம் பல் சரியாகச் சேராத மாதிரி இருக்கும். அரை மணிக்குள் பழையபடி ஆகிவிட்டால் சரி. மதியம்வரை இழுத்தால் காட்ட வேண்டும்.

இத்தனை நல்லது சொன்ன பிறகு என்ன குறை என்றால், வெள்ளைக் காறை. ஸ்ப்ளிண்ட்டின் வெளிப்பக்கம், இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு நேராக, கன்னத்தைப் பார்த்த ஓரத்தில் சுண்ணாம்பு பூசினாற்போல் படிகிறது. இரண்டு பக்கமும் ஒரே இடம். அந்த இடம் தற்செயல் இல்லை. காதுக்கு முன்னால் உள்ள பெரிய எச்சில் சுரப்பியின் குழாய் கன்னத்தின் உள்ளே, மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரேதான் திறக்கிறது. எச்சில் குழாயைவிட்டு வெளியே வந்ததும் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறும், காரத்தன்மை கூடும், கால்சியம் பாஸ்பேட் படியும். கீழ்த்தாடை ஸ்ப்ளிண்ட் வைத்திருப்பவர்களுக்கு இதே கதை முன் கீழ்ப்பற்களின் உள்பக்கத்தில் நடக்கும், அங்கே வேறு சுரப்பிகள் திறக்கின்றன. படிவு ஸ்ப்ளிண்ட் முழுக்க ஒரே சீராக, மங்கலான படலமாக இருந்தால் எச்சிலைக் குறை சொல்ல வேண்டாம். அது போர்வெல் தண்ணீரின் உப்பு. ஊறவைக்கும் தண்ணீரை மாற்றினால் நின்றுவிடும்.

காறையைத் தடுக்க ஒரே வழி அன்றைய படிவை அன்றே எடுப்பது. ஓரிரு நாளில் அது இறுக ஆரம்பித்துவிடும். எழுந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, மிருதுவான பிரஷ், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், அந்த ஓரத்துக்கு மட்டும் கூடுதலாக அரை நிமிடம். டூத்பேஸ்ட் கூடாது. அதிலுள்ள பொடி பல்லின் எனாமலுக்குப் பரவாயில்லை, அக்ரிலிக்கில் கீறல் போடும். அந்தக் கீறல்தான் அடுத்த காறைக்குப் பிடிமானம். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து 20 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, தேய்த்து, நன்றாக அலச வேண்டும். பல்செட்டுக்கு விற்கும் நுரைக்கும் மாத்திரை கறையையும் வாடையையும் எடுக்கும், இறுகிய காறையை அசைக்காது. வெந்நீரில் போட்டால் கோணிக்கொள்ளும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷில் ஊறவைத்தால் மயிரிழை விரிசல் விழும். இரவு மஞ்சள் போட்ட குழம்பு சாப்பிட்டுவிட்டு பல் தேய்க்காமல் மாட்டினால் ஒரே மாதத்தில் ஸ்ப்ளிண்ட் பழைய பிளாஸ்டிக் டப்பா நிறத்துக்கு வந்துவிடும். பிளேடு, குண்டூசி வைத்துச் சுரண்டுபவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் காறை கட்டுக்குள் இருக்கும். ரீலைன் வரை அப்படித்தான் இருந்தது.

கேப்பையோ வெனீரையோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகட்டையோ) மாற்றினால் பல்லின் உருவம் அரை மில்லிமீட்டராவது மாறும். ஸ்ப்ளிண்ட் அந்தப் பல்லில் இடிக்கும், கடைவாய்ப் பக்கம் முழுசாக உட்காராமல் ஆடும். போட்டுப் பத்து நிமிடம் ஆகியும் ஒரே பல்லில் அழுத்தம் குறையாவிட்டால் அதுதான் அறிகுறி. “ரெண்டு நாள்ல பழகிடும்” என்று விடக்கூடாது. பழகுவது பல் நகர்ந்துதான். சரிசெய்யும் வழி ஒன்றும் ரகசியமில்லை. உள்பக்கத்தை 1 மி.மீ. அளவு குடைந்து, பல்லுக்கெல்லாம் வாஸலின் தடவி, அக்ரிலிக் பவுடரையும் திரவத்தையும் குழைத்து நிரப்பி, வாயில் உட்காரவைப்பார்கள். ரப்பர் பதத்துக்கு வரும்போது இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லிடுக்கில் பூட்டிக்கொள்ளும். முழுக்க இறுகுவது வாய்க்கு வெளியே, வெதுவெதுப்பான தண்ணீரில், முடிந்தால் அழுத்தம் கொடுக்கும் பாத்திரத்தில் (பிரஷர் பாட்). அழுத்தம் கொடுத்தால் துளைகள் குறையும். இப்படித் தானாக இறுகும் அக்ரிலிக் லேபில் சூடேற்றி இறுக்கியதைவிட எப்போதுமே துளை மிகுந்தது.

என் ஸ்ப்ளிண்ட்டில் பிசகிப்போனது இதற்குப் பிறகுதான். ஓரத்தில் வழிந்த மிச்சத்தை பர் (சுழலும் சின்ன அரம்) வைத்துச் சீவியதோடு கையில் கொடுத்துவிட்டார்கள். மெருகேற்றும் பியூமிஸ் பொடி இல்லை, பாலிஷ் இல்லை. துளையுள்ள பொருள், சொரசொரப்பான ஓரம், அதுவும் எச்சில் குழாய்க்கு நேர் எதிரே. முன்பு ஒரு வாரத்தில் படிந்தது இப்போது இரண்டு நாளில் படிகிறது. பாலிஷ் போட ஐந்து நிமிடம் ஆகுமா? வாங்கும்போது ஓரம் முழுக்க நாக்கால் தடவிப் பாருங்கள், நகத்தாலும் கீறிப் பாருங்கள். நகம் சிக்கினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். உள்பக்கம் ரீலைன் செய்தால் கடிக்கும் பக்கத்துப் புள்ளிகளும் மாறும். நீலப் பேப்பர் திரும்ப வராமல் எழுந்து வராதீர்கள்.

அழகுக்காகப் பல் வேலை செய்யும் யோசனையில் இருப்பவர்கள் வரிசையை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். வெள்ளையாக்குவது முதலில். கேப்பும் வெனீரும் ப்ளீச்சில் நிறம் மாறாது, அதனால் மற்ற பற்கள் எந்த நிறத்தில் நிற்கின்றன என்று முடிவான பிறகே அவற்றின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ப்ளீச் முடிந்து இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும், பல்லில் தங்கும் ஆக்ஸிஜன் பசையின் பிடிப்பைக் குறைக்கும். ப்ளீச் மருந்து வைத்து மாட்டும் ட்ரேயும் ஸ்ப்ளிண்ட்டும் ஒரே இரவில் ஒரே தாடையில் போட முடியாது, ட்ரேயைப் பகலுக்கு மாற்றச் சொல்லுங்கள். தாடை வலி இருந்தால் அதை ஸ்ப்ளிண்ட் போட்டு அடக்கிவிட்டுத்தான் வெனீரில் கை வைக்க வேண்டும். வெனீர் முடிந்ததும் புதுப் பற்களுக்கு அளவெடுத்து இன்னொரு ஸ்ப்ளிண்ட். ஆக இரண்டு ஸ்ப்ளிண்ட் செலவு. விலைப்பட்டியல் கொடுக்கும்போது இந்த இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை. அரை மில்லிமீட்டர் கனமுள்ள செராமிக் ஓரத்தைப் பல் நறநறக்கும் வாயில் வெறுமனே விட்டால் நுனி பெயரும். ஜிர்கோனியா என்ற கெட்டி செராமிக் உடையாது என்பார்கள், பெரும்பாலும் உண்மை. ஆனால் அதைத் தேய்த்துச் சரிசெய்துவிட்டு மறுபடி பாலிஷ் போடாவிட்டால் எதிரே உள்ள சொந்தப் பல்லை அது அரைத்துவிடும். இங்கேயும் பாலிஷ்தான். இந்தத் தொழிலில் பாதி நியாயம் பாலிஷில் இருக்கிறது.

தாடையைச் சின்னதாக்கும் என்று கன்னத்தசையில் போடும் போட்டாக்ஸ் வலியையும் குறைக்கலாம். மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துபோகும், திரும்பப் போட வேண்டும். பழக்கமான குறட்டையும் பகல் தூக்கமும் இருப்பவர்கள் ஸ்ப்ளிண்ட்டுக்கு முன் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மேல்தாடை ஸ்ப்ளிண்ட் சிலருக்கு அதைக் கூட்டலாம். எந்த ஸ்ப்ளிண்ட்டும் பகலில் கணினி முன்னால் பல்லை இறுக்கி உட்காருவதைத் தடுக்காது. உதடு சேர்ந்து, பல் பிரிந்து இருக்க வேண்டும். முறுக்கு, கரும்பு எல்லாம் வலி இருக்கும் வாரங்களில் மற்றவர்களுக்கு.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு 2. வலியை நிறுத்திய பொருளுக்கு இது அநியாயம் என்று தெரியும். போன மாதம் கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன். நண்பருக்குச் சொன்ன பதில்: வெந்நீர் கார்டு வேண்டாம், லேபில் செய்துகொள், ரீலைன் செய்யும் நாளில் பாலிஷ் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும்வரை கிளம்பாதே. அப்படியே வினிகர் ஒரு பாட்டில் வாங்கி வை, சமையலறையில் இருப்பதை எடுத்தால் வீட்டில் சண்டை வரும்.