நானோபொருள் அபாய மதிப்பீடு: சிபி நானோடூலா, ஸ்டோஃபன்மேனேஜர் நானோவா?

இரண்டும் நானோபொருளை, அதாவது மிக நுண்ணிய துகள்களாலான பொருளைக் கையாள்வோருக்கான மதிப்பீட்டுக் கருவிகள். காற்றில் எத்தனை துகள் என்று அளப்பவை அல்ல. கையிலிருக்கும் தகவலைக் கொண்டு அபாயத்தைப் படிநிலையாகப் பிரிப்பவை.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது சிபி நானோடூல். பாதிப்பின் தீவிரத்துக்கு 100, வெளிப்பாட்டு வாய்ப்புக்கு 100 மதிப்பெண்; இரண்டையும் சேர்த்து நான்கு கட்டுப்பாட்டுப் படிகளில் ஒன்றைச் சொல்லும். தீவிரத்தில் 70 நானோ வடிவத்துக்கு, 30 தாய்ப்பொருளுக்கு (அதே பொருளின் சாதாரண வடிவம்). விடை தெரியாத கேள்விக்கு முழு மதிப்பெண்ணில் 75 சதவீதம் விழும். எதுவுமே தெரியாவிட்டால் மூன்றாம் படி, அதாவது மூடிய அமைப்பு. நான்காம் படி வந்தால் நிபுணரைக் கூப்பிட வேண்டும். இந்தக் கறார்தான் இதன் பலம்.

பலவீனம் அளவில் இருக்கிறது. 100 மில்லிகிராமைத் தாண்டினாலே அளவுக்கான உச்ச மதிப்பெண் 25 கிடைத்துவிடும். 150 மில்லிகிராம் கார்பன் நானோகுழாயை (மிக மெல்லிய கார்பன் இழை) எடை போடுவதும் 20 கிலோ மூட்டையைக் கொட்டுவதும் அங்கே ஒன்றுதான். ஆய்வகத்துக்குப் பொருந்தும்; தொழிற்சாலைக்கு இடிக்கும்.

நெதர்லாந்தின் ஸ்டோஃபன்மேனேஜர் நானோ அந்த இடத்தில் கைகொடுக்கும். தயாரிப்பு, தூள் கையாளல், தெளித்தல், நானோ கலந்த பொருளை அறுத்துத் தேய்த்தல் என வேலையைப் பிரித்துக் கேட்கும். அறையின் கொள்ளளவு, காற்றோட்டம், உறிஞ்சுகுழாய், முகக்கவசம் எல்லாம் கணக்கில் வரும். பொருளின் ஆபத்து ஏ (A) முதல் ஈ (E) வரை, வெளிப்பாடு 1 முதல் 4 வரை. முடிவு மூன்று முன்னுரிமைகளில் ஒன்று. நீளமான, கரையாத இழை என்றால் நேரே ஈ. பிறகு எந்தத் தடுப்பைச் சேர்த்தாலும் முன்னுரிமை எளிதில் இறங்காது. இது கருவியின் கோளாறு அல்ல; வடிவமைப்பே அப்படி.

மில்லிகிராமில் வேலை என்றால் முன்னது, கிலோவில் என்றால் பின்னது. கார்பன் நானோகுழாய்க்கு மட்டும் எந்தப் படியையும் நம்பி நிற்காமல் காற்றின் மாதிரியை எடுத்து அளந்து பாருங்கள்: அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 2013இல் பரிந்துரைத்த வரம்பு கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம்.